காஸ்டிங் நம்பரா, பஞ்ச் நம்பரா, ரீபில்ட் பண்ணவங்க அடிச்ச நம்பரா? பழைய பார்ட்ல எதை நம்புறது

ரீபில்ட் பண்ண பழைய பார்ட்டை கையில எடுத்தா மூணு விதமான நம்பர் இருக்கும். வார்க்கும்போதே மேடா எழும்பி நிக்கிற காஸ்டிங் நம்பர், மெஷினிங் முடிஞ்சப்புறம் கம்பெனியில குழியா பஞ்ச் பண்ணது, அப்புறம் ரீபில்ட் பண்ணவங்க அடிச்சது இல்லைன்னா ஒட்டுன தகடு. பெருசா கண்ணுல படுறது காஸ்டிங் நம்பர்தான், அதனால அதையே பார்ட் நம்பர்னு நெனச்சு தேடுறவங்க நிறைய.

அது எவ்ளோ ஏமாத்தும்னு பாருங்க. ஷெவர்லே ஸ்மால் பிளாக்னு ஒரு V8 இன்ஜின் குடும்பம், அதுல 3970010னு காஸ்டிங் நம்பர் இருக்கற ஒரு பிளாக் (சிலிண்டர் இருக்கற இன்ஜின் உடம்பு), 1969லயே 302 கியூபிக் இன்ச் இன்ஜினுக்கும் போச்சு, 350க்கும் போச்சு. ரெண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரோட விட்டம், 4 இன்ச்தான், பிஸ்டன் ஏறி இறங்குற தூரமான ஸ்ட்ரோக்தான் வேற, 3 இன்ச்சும் 3.48 இன்ச்சும், அந்த வித்தியாசம் பிஸ்டன் சுத்தி விடுற தண்டான கிராங்க்ல இருக்கே தவிர பிளாக்கோட முதுகுல எழுதியிருக்காது. பஞ்ச் நம்பர் இங்க எவ்வளவோ மேல். பிளாக் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு கீழ இருக்கற பேட்ல (நம்பர் அடிக்கிற சின்ன தட்டை இடம்) V0512DZனு இருந்தா V ஃப்ளின்ட் பிளான்ட், 0512 மே 12, DZ அந்த 302. வருஷம் இருக்காது, அதை காஸ்டிங் தேதியில பாத்துக்கணும்.

ஆனா இந்த பேட், ஹெட் வந்து உக்காருற டெக் பரப்போட லெவல்லயே இருக்கறதால, ரீபில்ட்ல டெக்கை ஒரு கட் அடிச்சு லெவல் பண்ணா நம்பரும் சேர்ந்து போயிடும். நம்பர் இல்லைன்னா திருட்டுன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஒழுங்கா வேலை பாத்த இன்ஜினாவும் இருக்கலாம். சந்தேகப்பட வேண்டியது நம்பர் பளிச்சுன்னு இருந்து, அதைச் சுத்தி ஃபேக்டரியில பரப்பைச் சீவுற ப்ரோச் கருவி விட்ட நேர்க்கோடு மாதிரி மெல்லிசு கீறல் ஒண்ணுமே இல்லாத பேட்டைத்தான், அது தேய்ச்சுட்டு புதுசா அடிச்சதா இருக்க வாய்ப்பு அதிகம். டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு பாருங்க, சாக்பீஸை மேல தேய்ச்சு துடைச்சா குழிக்குள்ள மட்டும் வெள்ளை நிக்கும். வயர் பிரஷ், எமரி ஷீட் பக்கமே போகாதீங்க.

டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார்னு வந்தா எனக்கு பஞ்ச் நம்பர்தான் முதல் சாய்ஸ். லூகாஸ் டிஸ்ட்ரிப்யூட்டர்ல அஞ்சு இலக்க நம்பரோட இன்னொரு நாலு இலக்கமும் இருக்கும், 3666னா 1966ஓட 36வது வாரம், அவ்ளோதான். போஷ்ல பத்து இலக்கம், செல்ஃப்னா 0 001ல ஆரம்பிக்கும், டிஸ்ட்ரிப்யூட்டர்னா 0 231. அதே போஷ் தகட்டுல 0 986னு ஆரம்பிச்சா உஷாராகுங்க, அது அவங்களோட எக்ஸ்சேஞ்ச் வரிசை, அதாவது ரீபில்ட்டா வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஒரிஜினல் நம்பரை கேட்டலாக்லதான் தேடணும். வெளி ரீபில்டர்னா இன்னும் குழப்பம், ஆல்டர்னேட்டரோட முன்பாதி ஒரு வண்டியில இருந்தும் பின்பாதி இன்னொண்ணுல இருந்தும் வந்திருக்கும், நம்பர் முன்பாதியில இருக்கும், உள்ள இருக்கற ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாகுற சுருள்) என்ன ஆம்பியர்னு அந்த நம்பருக்கே தெரியாது. அதனால நம்பர் மேட்ச் ஆனாலும் புல்லி, மவுண்டிங் காது, கனெக்டர் மூணையும் கழட்டுன பீஸோட பக்கத்துல வச்சு பாத்துடுங்க.

இதுக்கு நேர்மாறா ஒரு இடம் இருக்கு, கிராங்க். இங்க கம்பெனி நம்பர் என்ன கிராங்க்னு மட்டும் சொல்லும், இப்ப என்ன சைஸ்ல இருக்குன்னு ரீபில்ட் பண்ணவங்க கவுண்டர்வெயிட்ல (கிராங்க்ல எடையைச் சமன் பண்ற கனமான பகுதி) அடிச்ச 010, 020தான் சொல்லும், அதாவது பேரிங் உக்காருற ஜர்னல் 0.010 இன்ச் தேய்ச்சிருக்கு, கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். கிராங்க் பிளாக்ல உக்காருற மெயின் ஜர்னலுக்கு ஒரு சைஸ், பிஸ்டனோட சேர்ற கான்ராடு மாட்டுற ஜர்னலுக்கு ஒரு சைஸ்னு ரெண்டு நம்பர் இருக்கறதும் சகஜம், ஒண்ணை மட்டும் பாத்து பேரிங் செட் ஆர்டர் போட்டுடாதீங்க. ஒரே ஜர்னலுக்கு 010ம் 020ம் சேர்ந்து இருந்தா ரெண்டு தடவை கிரைண்ட் ஆயிருக்குன்னு அர்த்தம், தேய்ச்ச இரும்பு தானா வளராது, வெல்ட் வச்சு ஏத்தலைன்னா பெரிய நம்பர்தான் இப்போதைய கணக்கு. ஆனா ஸ்டாம்ப் அடிக்காமலே விட்டவங்களும் இருக்காங்க, அதனால பேரிங்குக்கு காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜர்னல்லயும் மைக்ரோமீட்டர் வச்சு, தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு தடவையும் அளந்துடுங்க, ஓவல் ஆயிருந்தா அது எந்த நம்பர்லயும் வராது.