வீட்டுக்குப் பால்: பால்காரரா, ஆவின் அட்டையா, செயலியா?

சென்னையில் வீடு மாறினால் முதல் வாரமே முடிவு செய்ய வேண்டிய விஷயம், பால் யாரிடம் வாங்குவது என்பது. பலரும் லிட்டர் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. பால் திரிந்துபோனாலோ வராமல் போனாலோ யாரைக் கேட்பது?

அந்தக் கணக்கில் பால்காரர்தான் முதலிடம். ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் இன்னும் மாடு வைத்திருப்பவரே பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறார். நேற்றுப் பால் சரியில்லை என்றால் இன்று காலை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். ருசியிலும் கறந்த பாலுக்கு ஈடில்லை. கொழுப்பைப் பொடியாக உடைத்துக் கலந்துவிடும் ஹோமோஜினைஸ் பாக்கெட் பாலில் அப்படி ஆடை கட்டாது. உறை ஊற்றித் தயிராக்குகிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அது பச்சைப் பால். வாங்கிய கையோடு பொங்கக் காய்ச்சியாக வேண்டும்; வேலைக்கு ஓடுகிறவர்களுக்குச் சிரமம். தண்ணீர் கலப்பைக் கண்டுபிடிக்க லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும், கொழுப்பை எடுத்தால் கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி ஒன்றும் காட்டாது.

அதற்காகப் பாக்கெட் பால் என்றாலே சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அதைவிடப் பெரிய கவலை அஃப்ளடாக்சின் எம்1. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் நஞ்சு இது, காய்ச்சினாலும் போகாது. பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் தென்பட்டது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் வரம்பை மீறியிருந்தது. பால்காரரிடம் என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்கலாம். பாக்கெட்டிடம் கேட்க முடியாது.

இனி ஆவின் அட்டை, அதாவது மாதக் கணக்கில் சலுகை விலைக்கு ஆவின் பால் வாங்கும் அட்டை. விலையில் இதை யாரும் நெருங்க முடியாது. 2022 நவம்பரில் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டின் கடை விலை லிட்டருக்கு 60 ரூபாய் ஆனபோதும் அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாய்தான். மாதப் பணத்தை முன்பே கட்ட வேண்டும், ஊருக்குப் போனாலும் அன்றைய பாலை எடுத்தாக வேண்டும். பூத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து போடுபவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். விடியுமுன் மூன்று மாடி ஏறி வருகிற அவருக்குக் கொடுப்பதில் பேரம் பேசாதீர்கள். அதையும் சேர்த்தால்கூட அட்டைதான் லாபம்.

பாலை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலியின் வசதி, இரவில் படுக்கப்போகும் முன் 'நாளைக்கு வேண்டாம்' என்று தட்டிவிடலாம். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் இது மிச்சம். ஆனால் திரிந்த பாலுக்குப் பணம் திரும்ப வரும், அவசரத்துக்குப் பால் வராது. கடையை மூடினாலும் நாம் கேட்க முடியாது: ஸ்விக்கியின் சூப்பர் டெய்லி என்ற பால் செயலி 2022 மே மாதம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் சேவையை நிறுத்தியது. அதனால் செயலிப் பணப்பையில் ஒரு வாரத்துக்கு மேல் பணம் போட்டு வைக்காதீர்கள்.

என் தேர்வு கலப்புதான்: காபிக்கும் குழந்தைகளுக்கும் தினமும் அட்டைப் பால், தயிருக்கு மட்டும் பால்காரரிடம் அரை லிட்டர். அருகில் மாடு வைத்திருப்பவர் இல்லையென்றால் அட்டை ஒன்றே போதும். விருந்தாளி வருகிற நாளுக்குச் செயலி இருக்கவே இருக்கிறது.