சகுரா (செர்ரிப் பூ) பார்த்துவிட்டுக் குடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 38,400 யென் போச்சு

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து மச்சான் வந்திருக்கிறான். செர்ரி மரங்கள் முழுக்கப் பூத்துவிட்டன என்று சனிக்கிழமை டோக்கியோவில் உள்ள ஷின்ஜுகு க்யோயென் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். நுழைவுக் கட்டணம் 500 யென்தான். உள்ளே மது கூடாது, வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நீல விரிப்புப் போட்டு உட்கார்ந்தோம், சாதத்தின் மேல் இதழ் விழுந்ததைக்கூட அவன் படம் எடுத்தான். ஆறு மணிக்குப் பூங்காவை மூடியதும், "ஒரு பீராவது வாங்கிக் குடுடா" என்றான். பார்களும் கேளிக்கை விடுதிகளும் நிறைந்த காபுகிச்சோ நடக்கிற தூரம்தான்.

நான் தேடிப் போனது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கிலி இசகாயா, அதாவது பல கிளைகள் உள்ள ஜப்பானிய மதுக்கடை. அதன் வாசலில் காதில் வயர் மாட்டிய ஒரு பையன், அந்தக் கடை ஆள் மாதிரியே குனிந்து, "இடமில்லை, ஒரு மணி நேரம் ஆகும், எங்களுடைய இன்னொரு கடை பக்கத்தில் இருக்கிறது, இரண்டு மணி நேர நோமிஹோதாய் (எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்) தலைக்கு 1,500 யென்" என்றான். நம்பினேன். ரயிலில் விட்ட என் குடையே திரும்பி வந்த ஊர் ஆயிற்றே! மச்சானிடம் பெருமையாக வேறு சொன்னேன், "இங்க யாரும் ஏமாத்த மாட்டாங்கடா". அந்த நேரத்தில் தெரு ஒலிபெருக்கி தொண்டை கிழிய எச்சரித்துக்கொண்டிருந்தது, இப்படிக் கூப்பிடுகிறவன் பின்னால் போகாதே என்று. ஏதோ விளம்பரம் என்று காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது மாடி. தண்ணீர் மாதிரி பீர், ஆறு துண்டு கோழி. பில் 38,400 யென்! நோமிஹோதாய் 3,000 சரி. கேட்காமலே வைத்த ஊறுகாய்க் கிண்ணம், அதுதான் ஒதோஷி, மற்ற கடைகளில் 300, 500 இருக்கும், இங்கே தலைக்கு 2,800. உட்கார்ந்ததற்கு 4,000, வார இறுதி என்பதற்கு 4,500, இரண்டும் தலைக்கு. தின்றது 6,400. எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீதம் சேவைக் கட்டணம். கேட்டால் மேலாளர் மெனுவின் கடைசிப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைத் தட்டிக் காட்டுகிறான், லிஃப்ட் பக்கம் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். மச்சான் முகத்தைப் பார்த்தேன், கார்டை நீட்டிவிட்டேன்.

தெருமுனைப் போலீஸ் சாவடிக்குப் போனால், பணிவாகத்தான் பேசினார்கள், ஆனால் இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள சிவில் விவகாரமாம், பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். காலையில் கார்டு கம்பெனி: ரகசிய எண்ணை நீங்களேதானே அழுத்தினீர்கள்? கடைக்குப் போன் செய்தேன், மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. 38,400 யென், நம் ஊர்க் காசில் இருபதாயிரத்துக்கு மேல்.

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை. தெருவில் கூப்பிடுகிறவன் பின்னால் போகாதீர்கள், சீருடை போட்டிருந்தாலும் சரி. "இடமில்லை" என்றால் உள்ளே போய் நீங்களே கேளுங்கள். உட்காரும் முன் ஒதோஷி எவ்வளவு, இருக்கைக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பில்லைப் படம் எடுங்கள், நான் எடுக்கவில்லை.

அந்தச் சங்கிலிக் கடையைத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தேன். பாதி மேசை காலி.