கடைசிப் பொத்தானை அவனுக்கு விடுங்கள்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கிக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தபோது சித்தி மகன் வாசலிலேயே நின்றிருந்தான். அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த என் தம்பிக்கு இப்போது 33 வயது. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் “அக்கா” என்றான். சட்டையில் ஒரு பொத்தான் விடாமல் போட்டிருந்தான்.

அந்தப் பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது சித்தி அவனைக் கூட்டிக்கொண்டு வேலூர் பாகாயத்துக்குப் போய், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நம்பிக்கை நிலையத்தில் வாரக்கணக்கில் தங்கினார். பிள்ளையை விட்டுவிட்டு வரும் இடமல்ல அது. பெற்றவர்களும் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். 1957-இல் தொடங்கிய அந்த மனநல மையத்தில், சிகிச்சைக்கு வருபவரோடு குடும்பத்தாரும் தங்குவது ஆரம்பக் காலம் தொட்டே உள்ள வழக்கம்.

அங்கே சித்திக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: சட்டையில் ஆறு பொத்தான் இருந்தால் ஐந்தை நீ போடு, கடைசி ஒன்றை அவன் போடட்டும். அது கைக்கு வந்ததும் நான்கை நீ போடு, இரண்டை அவனுக்கு விடு. எத்தனை நாளானாலும் வேலையை முடித்தது பிள்ளையின் கையாகவே இருக்க வேண்டும். சித்தி படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். ஆனால் இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே பல் துலக்குவது, குளிப்பது, சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைவது எல்லாவற்றையும் பழக்கிவிட்டார். பெயரை எழுதக் கற்றுக்கொடுக்க மட்டும் இரண்டு வருடம் பிடித்தது.

கனடாவின் ஒன்டாரியோவில், அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேர் வாழும் ஒரு வீட்டில் நான் உதவிப் பணியாளராக இருக்கிறேன். 1876-இல் ஒரிலியா நகரத்தில் திறந்த காப்பகம் உட்பட, அங்கே மிஞ்சியிருந்த கடைசி மூன்று பெரிய காப்பகங்களையும் 2009 மார்ச் 31-க்குள் அரசு மூடிவிட்டது. அப்படி ஒரு காப்பகத்தில் இளமையைக் கழித்த முதியவர் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். தட்டில் சாப்பாடு வைத்தாலும், “சாப்பிடுங்கள்” என்று யாராவது சொல்லும்வரை கரண்டியைத் தொடமாட்டார். எல்லாவற்றையும் பிறரே செய்து பழக்கினால் ஒரு மனிதர் எங்கே போய் நிற்பார் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்த முறை ஊரில் நடந்த ஒன்று என்னை இவ்வளவு வருத்தியது.

தம்பியின் அடையாள அட்டை வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்தவர் கேள்வி முழுவதையும் சித்தியிடமே கேட்டார். “சாப்பிடுவானா? சொன்னால் புரியுமா?” தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் அவன் பேனாவுக்காகக் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்துவிட்டார். “அவனுக்கு எழுதத் தெரியும்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாள் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. வீடு வரும்வரை தம்பி விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தான். இரண்டு வருட உழைப்பை ஒரு நொடியில் துடைத்தெறிந்தது போல் எனக்கு இருந்தது.

திரும்பும்போது பேருந்து நடத்துநர், கட்டணமில்லாப் பயணச்சீட்டைச் சித்தியிடம் நீட்டாமல் தம்பியின் கையிலேயே கொடுத்தார். இறங்கும்வரை பத்திரமாக வைத்திருந்தான். அந்த நடத்துநருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

உதவிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாகியிருக்கிறது. ஆனால் பள்ளி வயது தாண்டிய ஒரு ஆண்பிள்ளை பகலில் எங்கே போவான், என்ன செய்வான் என்று கேட்டால் பெரும்பாலும் தாயின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தம்பி ஆறு மாதமாகச் சோர்ந்து கிடந்ததை எல்லோரும் “அவன் அப்படித்தான்” என்று விட்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைந்திருப்பது தெரிந்தது. இப்போது காலையில் ஒரு மாத்திரை. அதை அட்டையிலிருந்து அவனே பிதுக்கி எடுக்கிறான்.

பிறகு சித்தியை மூன்று நாள் திருவண்ணாமலைக்கு அனுப்பிவைத்தேன். மகன் பிறந்த பிறகு அவனை விட்டு அவர் ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. அந்த மூன்று நாளில்தான் தம்பியின் வாழ்க்கை எனக்குச் சரியாகத் தெரிந்தது. காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்குப் போகிறான். லுங்கி நெய்யும் மாமாவுக்குத் தார் சுற்றித் தருவது, அதாவது ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றித் தருவது, அவன் வேலை. ராட்டையை வலது கையால் சுழற்றுகிறான். இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடுகிறது. நூல் அறுந்தால் நிறுத்தி, நாக்கு நுனியைக் கடித்தபடி முடிச்சுப் போடுகிறான். எண்ணத் தெரியாது. ஆனால் கூடை நிறைந்துவிட்டதென்று தெரிந்ததும் எழுந்துபோய்த் தறியடியில் வைத்துவிட்டு வருகிறான். சனிக்கிழமை மாமா கூலியை அவன் கையில் கொடுக்கிறார். அந்தக் காசில் எனக்கும் ஒரு போண்டா வாங்கி வந்தான்.

சித்தி திரும்பி வந்ததும் காப்பாளர் விஷயம் பேசினோம். பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டால் பெற்ற தாயாகவே இருந்தாலும், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்துத்தான் சட்டப்படியான காப்பாளராக முடியும். குழுவில் ஒருவர் மாற்றுத்திறனாளியாகவே இருக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காப்பாளரும் அந்த மாற்றுத்திறனாளியும் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

சித்திக்குப் பிறகு ஆம்பூரில் இருக்கும் தங்கை பார்த்துக்கொள்வாள், அவள் வீட்டோடு அவன் போய்விடுவான் என்று நாங்களாகவே பேசி முடித்திருந்தோம். பேச்சு நடுவில் எனக்குச் சுருக்கென்றது. அவனைப் பார்த்து, “நீ எங்கேடா இருப்பாய்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டி, “தறி” என்றான்.

சித்தி எதுவும் பேசவில்லை. தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவளும் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, குடியாத்தத்திலேயே வீடு கிடைக்குமா என்று கணவரோடு பேசிப்பார்க்கிறேன் என்றாள். ஆடி கழிந்து அவள் வந்த பிறகு மனுவை எழுதலாம் என்று சித்தி எடுத்து வைத்திருக்கிறார். இந்த முறை மனுவோடு தம்பிக்கென்று ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.