போர் தண்ணியா, பேட்டரி தண்ணியா? டீசல் வண்டியின் ரேடியேட்டரை வீட்டிலேயே கழுவும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பத்து லிட்டர் பிடிக்கும் ஒரு டீசல் பிக்கப்பில் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்துவிட்டால் ஆறு லிட்டர்போலத்தான் கொட்டும். மிச்ச நான்கு லிட்டர் எஞ்சின் பிளாக், ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்), ஆயில் கூலர், இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையை ஆற வைப்பது) இவற்றின் வயிற்றில் தங்கிவிடும். வண்டிக்கு வண்டி இது மாறும். கொட்டியதை அளவு போட்ட வாளியில் பிடித்து, மேனுவலில் உள்ள மொத்தக் கொள்ளளவிலிருந்து கழித்தால் உங்கள் வண்டியின் கணக்கு தெரிந்துவிடும். எந்தத் தண்ணீர், எந்த மருந்து, எந்தக் கூலன்ட் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த நான்கு லிட்டரில்தான் இருக்கிறது.

பிளாக்கின் பக்கவாட்டில் தனி டிரெயின் போல்ட் இருக்கும் எஞ்சின்களில் அதையும் கழற்றினால் மிச்சம் குறையும். துருப்பிடித்து இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம். தலை உருண்டுவிட்டால் ஒருநாள் வேலை ஒருவார வேலையாகிவிடும்.

தண்ணீர்

வேலூர்ப் பக்கம் போர் தண்ணீரில் இரண்டு தனித்தனிக் கெடுதல்கள் உண்டு. ஒன்று கடினத்தன்மை: சூடேறும் இடத்தில் சுண்ணாம்பாகப் படிந்து, இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வை போர்த்துவது. மற்றது குளோரைடு, அதாவது உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரிசையில் தோல் பதப்படுத்தும் உப்பு பாலாற்றுப் படுகைக்குள் இறங்கிய கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அந்த உப்பு அலுமினியத்தில் ஊசி முனை அளவு குழி பறிக்கும். ரேடியேட்டர் ஓட்டையாகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

கொதிக்க வைத்து ஆற வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், உப்பு அப்படியே இருக்கும். வீட்டுச் சாஃப்ட்னரும் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கும், குளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. கேன் தண்ணீர் எவ்வளவோ மேல், கழுவுவதற்குத் தாராளமாகப் போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தாது கிடையாது, ஆனால் காயிலில் படிந்த தூசியும் பாசியும் சேர்ந்து வரும். இதுவும் கழுவ மட்டும். கடைசியாக நிரப்புவதற்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி.

அப்படியானால் கழுவுவது முழுக்க டிஸ்டில்டில்தான் இருக்க வேண்டுமா? தேவையில்லை. போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 1,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வடித்தபின் நான்கு லிட்டர் உள்ளே நிற்கிறது. ஆறு லிட்டர் டிஸ்டில்ட் ஊற்றினால் 600. ஓட்டி வடித்து மறுபடி ஊற்றினால் 240. மூன்றாவதாக நிரப்பும்போது 96. ஆக அழுக்கு போகும்வரை குழாய்த் தண்ணீர், கடைசி இரண்டு சுற்று மட்டும் டிஸ்டில்ட், அதன்பின் கூலன்ட். 12 லிட்டரில் கதை முடியும். ‘கடைசியாக நல்ல தண்ணி ஊத்தியாச்சே’ என்று ஒரே சுற்றோடு நிறுத்துபவர்கள் 600-லிருந்து தொடங்கி, கூலன்ட்டைக் கலக்கிய பிறகும் 240-இல்தான் நிற்கிறார்கள்.

மருந்து

கூலன்ட் பச்சையோ சிவப்போ நிறம் மாறாமல், அடியில் மண்டி இல்லாமல் வந்தால் வெறும் தண்ணீர் போதும். வீணாக ஆசிட் ஊற்ற வேண்டாம். துரு நிறத்தில் வந்தாலோ, மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு இருந்தாலோதான் அடுத்த பேச்சு.

கடையில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் லேசான துருவுக்கும் பழைய கூலன்ட் பிசுக்குக்கும் நல்லது. வருஷக்கணக்கில் போர் தண்ணீரே ஊற்றிய வண்டியின் சுண்ணாம்புக்கு அது பெரும்பாலும் பத்தாது. அதற்கு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் கேட்டால் எலுமிச்சை உப்பு. லிட்டருக்கு 40 கிராம், பத்து லிட்டருக்கு 400 கிராம். பிளாஸ்டிக் வாளியில் இரண்டு லிட்டர் சுடுதண்ணீரில் முழுதும் கரைத்து ஊற்றி, மேலே தண்ணீரால் நிரப்புங்கள். சுண்ணாம்பைத் தொட்டதும் வாயு கிளம்பும் என்பதால் மூடியைத் திறக்குமுன் வண்டி நன்றாக ஆறியிருக்கட்டும். ராத்திரி முழுக்க ஊறவிடுவது கூடாது, சுண்ணாம்பு தீர்ந்தால் அடுத்து உலோகத்தைத்தான் தின்னும்.

வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக; லிட்டர் கணக்கில் வேண்டும். சலவை சோடா, காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். கழிவறை ஆசிட் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆயில் கூலர் உடைந்து எண்ணெய் கலந்திருந்தால் வரிசை மாறும். முதலில் பழுதைச் சரிசெய்து, நுரை வராத டிஷ்வாஷர் பவுடரால் எண்ணெயை எடுத்து, அப்புறம்தான் ஆசிட். எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பை ஆசிட் தொடாது.

டீசலில் பலர் சறுக்குவது இங்கேதான். ‘பத்து நிமிஷம் ஐடிலிங்கில் ஓடவிடவும்’ என்று பாட்டில் சொல்லும். டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் லேசில் சூடாகாது. தெர்மோஸ்டாட் வால்வு 82 முதல் 88 டிகிரிக்குத்தான் வாய் திறக்கும். அதுவரை மருந்து எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டருக்குப் போகவே போகாது. 1,500 – 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் இரண்டு ஓஸும் சூடானபின் 20 நிமிடம் கணக்கு வையுங்கள். ஹீட்டர் நாப் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், மே மாதமாக இருந்தாலும்.

இல்லாவிட்டால் வால்வைக் கழற்றிவிட்டுக் கழுவலாம். இது இன்னும் சுத்தமான வழி, கேஸ்கட் ஒன்றுதான் கூடுதல் செலவு. ஆனால் முடிந்ததும் வால்வைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். “நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே, கழட்டிடலாம்” என்ற யோசனை நிறைய ஷெட்டுகளில் கிடைக்கும். பல எஞ்சின்களில் இதே வால்வின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வே இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் எஞ்சின் குளிர்ந்துபோய் டீசல் குடிக்கும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் லோடோடு ஏறும்போது முள் மேலே ஏறும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆசிட்டை வடித்தபின் வெறும் தண்ணீரில் இரண்டு சுற்று. அந்த இரண்டும் வடிந்தபோது 400 கிராமில் 25 கிராம்போல உள்ளே மிச்சம். மூன்றாவது சுற்றில் 50 கிராம் ஆப்பசோடா கரைத்து ஓட்டினால் அதுவும் அடங்கும். பிறகு டிஸ்டில்ட் சுற்றுகள்.

பிரஷர், ராடு

கீழ் ஓஸ் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டால் குழாய்களின் வாயில் சிக்கிய துகள் கழன்று வரும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தோட்டக் குழாய் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் மோட்டாரின் வேகத்தை உள்ளே விட்டால் பிளாஸ்டிக் டேங்கின் விளிம்பு பிளக்கும், ஹீட்டர் கோர் அதற்கும் முன்னால் போகும். பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டர் அடைத்திருந்தால் ரேடியேட்டர் ஒர்க்ஸில் டேங்கைப் பிரித்து ராடு விட்டுத் தருவார்கள். எந்த மருந்தைவிடவும் அது மேல். அலுமினியத்துக்கு அந்த வழி கிடையாது, பாதிக் குழாய் அடைத்திருந்தால் புதிதுதான்.

சொல்லப்போனால் ‘ஹீட் ஆகுது’ என்று வரும் வண்டிகள் பலவற்றில் அடைப்பு உள்ளே இல்லை. ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் கம்பளியாகப் படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டு, அதை முதலில் கழுவிப் பாருங்கள்.

கூலன்ட்

நிறத்தை நம்ப வேண்டாம், அதற்குப் பொதுத்தரம் கிடையாது. மேனுவல் சொல்லும் வகைதான் கணக்கு. சிலிகேட் கலந்த பழைய வகை சுமார் இரண்டு வருஷம், ஆர்கானிக் ஆசிட் வகை ஐந்து வருஷம்போல உழைக்கும். இரண்டையும் கலந்தால் குறைந்த ஆயுள்தான் மிஞ்சும். லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) போட்ட லாரி, டிராக்டர் எஞ்சினுக்கு, லைனரில் குழி விழாமல் காக்கும் கனரக டீசல் கூலன்ட் தனி. கார் கூலன்ட்டை அதில் ஊற்றக்கூடாது.

தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸா, நாமே தண்ணீர் கலக்க வேண்டிய கான்சென்ட்ரேட்டா? கழுவிய வண்டிக்குக் கான்சென்ட்ரேட்தான். உள்ளே நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கும்போது பாதிக்குப் பாதி ரெடிமிக்ஸ் ஆறு லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 30 சதவீதம். லேபிளைப் பார்த்து 50 என்று நினைத்துக்கொண்டிருப்போம். கான்சென்ட்ரேட் நான்கு லிட்டர், டிஸ்டில்ட் இரண்டு லிட்டர் ஊற்றினால் சரியாக 40. வேலூரில் உறைபனிப் பயம் இல்லை, வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடச் சூட்டை நன்றாகவே வாங்கும், அதனால் 40 பொருத்தம். மேனுவல் 50 கேட்டால் ஐந்தும் ஒன்றும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், துரு தடுக்கும் மருந்து நீர்த்துவிடும். ரெடிமிக்ஸ் டாப்–அப் செய்யத்தான் நல்லது.

கொதிநிலைக்காகக் கூலன்ட்டில் பணத்தைக் கொட்டுபவர்கள் மூடியை மறந்துவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி கலவை வெறும் தண்ணீரைவிட ஏழெட்டு டிகிரிதான் கூடுதலாகத் தாங்கும். நல்ல 15 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) மூடி 20 டிகிரி கூட்டித் தரும். ரப்பர் காய்ந்த மூடியை இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள், அதே பி.எஸ்.ஐ. அளவில்.

நிரப்பும்போது முன்சக்கரம் மேடான இடத்தில் இருக்கட்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஓஸைப் பிசைந்து, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழ் நிற்கும்வரை திறந்து வையுங்கள். ஓட்டி, முழுக்க ஆறியபின் அளவு பாருங்கள். மூன்று நாள் காலையில் இதே வேலை. சுண்ணாம்பே அடைத்துக்கொண்டிருந்த பழைய ஓட்டைகள் கழுவியபின் ஒழுகத் தொடங்குவது உண்டு. அது கழுவியதன் குற்றம் அல்ல. வெளியே ஈரமே இல்லாமல் தினமும் அளவு குறைந்தால் இ.ஜி.ஆர். கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வடித்த கூலன்ட் இனிக்கும், நாயும் மாடும் குடித்துவிடும், உயிரையும் எடுக்கும். வாளியைத் திறந்து வைக்காமல், மூடி போட்ட கேனில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.