சேரியா, குடிசைப்பகுதியா?

ரெண்டும் ஒன்றுதானே என்று இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒன்றில்லை. குடிசைப்பகுதி என்றால் வீட்டின் நிலை: ஓலை, தகரம், தார்பாய், பட்டா இல்லாத புறம்போக்கு. அங்கே எந்தச் சாதிக்காரரும் இருக்கலாம், கூரை மாறி கான்கிரீட் வந்தால் அந்தப் பெயரும் போய்விடும். சேரி அப்படிப் போகாது. குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் மாடி வீடு, வாசலில் டைல்ஸ், புல்லட் வண்டி எல்லாம் இருந்தாலும், ஊர்க்காரர் வாயில் அது சேரிதான், ஏனென்றால் அவர் சொல்வது வீட்டை அல்ல, சாதியை.

இத்தனைக்கும் பழைய தமிழில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளில் கோயில் ஆடல் மகளிர் இருந்த தளிச்சேரி, கம்மாளர் இருந்த கம்மாணச்சேரி, பறையர் இருந்த பறைச்சேரி எல்லாம் வருகின்றன. அப்புறம்தான் பறைச்சேரி என்ற பொருள் மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

அரசாங்கம் 1970-இல் வைத்த பெயர் குடிசை மாற்று வாரியம். 2021-இல் அதையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாயில் நுழையாத பெயர், ஆனால் இழிவு இல்லை.

சேரி என்று சொல்லக் கூசுபவர்கள் ‘காலனி’ என்பார்கள். வேலூர் டவுனில் ஒருவர் காலனியில் வீடு என்றால் வாடகை எவ்வளவு என்று கேட்போம், கிராமத்தில் அதே சொல்லுக்கு டீக்கடையில் பேச்சு ஒரு நொடி நின்றுவிடும். 2025-இல் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லையும் நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். என்னைக் கேட்டால், அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.