கோகோஸ் தீவில் பத்து இரவுகள்: பெரிய படகை விட டிங்கியைப் பாருங்கள்

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தொலைவில் தனித்து நிற்கும் கோகோஸ் தீவுக்கு விமானம் இல்லை. பயணிகள் கப்பலும் இல்லை. தீவில் தங்கும் விடுதியும் இல்லை. 1978 முதல் தேசியப் பூங்காவாகவும் 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமாகவும் உள்ள அத்தீவில் காற்று உருளையோடு கடலுக்கடியில் முக்குளிக்க விரும்புவோர், கடலிலேயே உண்டு உறங்கும் 'லிவ்அபோர்டு' படகில்தான் சென்றாக வேண்டும். சென்ற ஆகஸ்டில் அத்தகைய படகு ஒன்றில் பத்து இரவுகள் இருந்துவிட்டு வந்தேன். அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; அங்கே செல்லும் எந்தப் படகுக்கும் இங்கு எழுதுவது பொருந்தும்.

முதலில் முன்பதிவு. இதுவரை எத்தனை முறை முக்குளித்திருக்கிறேன், கடைசியாக எப்போது, எவ்வளவு ஆழம், நீரோட்டத்தில் பழக்கம் உண்டா, முக்குளிப்புக் காப்பீடு எங்கே எடுத்திருக்கிறேன் என்றெல்லாம் இரண்டு பக்கப் படிவத்தில் கேட்டார்கள். புதுச்சேரியிலும் அந்தமானிலுமாக என் கணக்கில் 62 முக்குளிப்புகள்தான் இருந்தன. அவற்றில் நீரோட்டம் கடுமையாக இருந்தவை எத்தனை என்று திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் வந்தபோது எரிச்சலாக இருந்தது. தீவருகே கடலுக்கடியில் உள்ள அல்சியோன் மலையில் இறங்கிய அன்று அந்த எரிச்சல் மறைந்தது. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தை விட்டு விலகுவதே நல்லது. ஆனால் பூங்காக் கட்டணம், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த சுவாசக் காற்று) கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் ஆகிய மூன்றும் விளம்பரத்தில் கண்ட தொகையில் அடங்கவில்லை என்பதை மூன்று தனித்தனி மின்னஞ்சல்களில், முன்பணம் செலுத்திய பிறகே தெரிவித்தார்கள். இது சரியல்ல. மொத்தத் தொகையை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதாக இருந்தால் அந்நாட்டு விசாவும் தேவை என்பதால், ஏற்பாடுகளைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

கரையிலிருந்து தீவை அடைய ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகிறது. மழைக்காலத்தில் சுறாக்கள் அதிகம், அலையும் அதிகம். கீழ்த்தளத்து நடு அறைகள் சன்னல் சிறியவை என்பதால் விலை குறைவு. ஆட்டமும் அங்கேதான் குறைவு. மேல்தளத்து அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் முதல் நாள் காலை உணவுக்கு வரவே இல்லை.

இனி முக்கியமான பகுதி. பெரிய படகு வெறும் வீடுதான். உயிர், முக்குளிக்கும் இடத்துக்கு ஏற்றிச் சென்று திரும்ப அழைத்து வரும் சிறு படகான டிங்கியிலும் அதை ஓட்டுபவரிடமும் இருக்கிறது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்டோவின் கப்பலின் பெயரைத் தாங்கிய அல்சியோன் என்பது திறந்த கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பாறை மலை. அதன் உச்சியே ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கட்டியிருக்கும் கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்து இறங்கும்போது, நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் உடலைக் கொடியில் காயும் துணிபோல் கிடைமட்டமாக்கிவிடுகிறது. அடியில் பாறையைக் கையுறையோடு பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தால், சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்கள் கூட்டமாக வந்து, தோலில் ஒட்டியுள்ளவற்றைச் சிறு மீன்கள் கொத்தித் தின்ன நின்று கொடுக்கின்றன. குமிழிகள் அவற்றை விரட்டும் என்பதால் மூச்சை மெல்ல விட வேண்டும், அடக்கிவிடவும் கூடாது. 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு சுமார் 20 நிமிடமே தங்க முக்குளிப்பு அட்டவணை அனுமதிக்கிறது. 32 சதவீத நைட்ராக்ஸில் அது சுமார் 30 நிமிடமாகிறது. அதற்கான சான்றிதழை ஊரிலேயே பெற்றுக்கொண்டு செல்லுங்கள்.

நான்காம் நாள் நானும் என் இணையும் நீரோட்டத்தில் குழுவிலிருந்து பிரிந்து, தனியாக மேலே வந்தோம். அலையின் பள்ளத்தில் இருந்தபோது பெரிய படகு கண்ணில் படவே இல்லை. ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை ஊதி நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்குள், டிங்கியின் விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று, நெற்றியில் கைவைத்து எங்களைத் தேடியபடியே ஓட்டுநர் வந்துவிட்டார். குமிழிகள் இரண்டாகப் பிரிந்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்த, இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவியைத் திறக்கத் தேவையே ஏற்படவில்லை. இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

வாடகைக் கருவிகளுக்கு அப்படித் தர முடியவில்லை. எனக்குக் கொடுத்த பி.சி.டி.யின் (காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) காற்று நிரப்பும் பொத்தான் இரண்டாம் நாளே உப்பேறி ஒட்டிக்கொண்டு, அழுத்தாமலேயே காற்றை நிரப்பத் தொடங்கியது. ஆழத்தில் நேர்ந்திருந்தால் என்னைக் கட்டுப்பாடின்றி மேலே தூக்கியிருக்கும். நல்லவேளையாகப் படகின் தளத்திலேயே தெரிந்தது. மாற்றுக் கருவி ஒன்றுதான் இருந்தது, அதுவும் எனக்கு ஓர் அளவு பெரியது. பி.சி.டி., உருளையிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆகிய மூன்றையும் சொந்தமாக, புறப்படும் முன் பராமரிப்பு செய்து எடுத்துச் செல்வதே முறை. ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகும் அழுத்த நோய் வந்தால் சிகிச்சை அறை பெருநிலத்தில்தான் உள்ளது. படகில் ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று கேட்டேன். சிலிண்டர்களை நேரில் காட்டி, கணக்கையும் சொன்னார்கள். கேட்காத யாருக்கும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உணவு போதுமானது, சைவர்களுக்குச் சோறும் கறுப்பு அவரையும் தினமும் உண்டு, ஊறுகாய் நம் பொறுப்பு. ஒரு பிற்பகல் வேஃபர் விரிகுடாவில் கரையிறங்கினோம். சட்டவிரோத மீன்பிடிப்பாளர்களிடம் பறிமுதல் செய்த வலைகளையும் மிதவைகளையும் கொண்டு வனக்காவலர்கள் கட்டிய தொங்குபாலத்தை மழையில் நடந்து கடந்தேன். கடலுக்கடியில் கழித்த எந்த மணி நேரத்தையும் விட அது என் நினைவில் நிற்கிறது.

பல முறை முக்குளித்தவர் அதன்பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்ற விதியைத் திரும்பும் பயணமே நிறைவேற்றிவிடுகிறது. நூறு முக்குளிப்புகளை எட்டாதவர்கள் ஓராண்டு பொறுத்து, நீரோட்டமுள்ள இடங்களில் பழகிவிட்டுப் பதிவு செய்யலாம். இதே படகில் மறுமுறை செல்ல எனக்குத் தயக்கமில்லை. கீழ்த்தளத்து அறையும் சொந்த பி.சி.டி.யும் இருந்தால் போதும், அந்த டிங்கி ஓட்டுநர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று மட்டும் முதலில் கேட்பேன்.