ஒரு படத்துக்குள் இன்னொரு படம்: 5டி மார்க் 3-ல் ஆறு வருட டபுள் எக்ஸ்போஷர்

கல்யாண வேலைக்காகத்தான் 2018-ல் கேனான் 5டி மார்க் 3 பாடியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2012-ல் வந்த கேமரா, ஃபுல் ஃப்ரேம், 22.3 மெகாபிக்சல். அதன் ஃபோகஸ், வீடியோ பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது திரைக்கு இடப்பக்கம், தூரிகைப் படம் போட்டிருக்கும் சின்ன பட்டனைப் பற்றி. வாங்கி நாலு மாசம் அதைத் தொட்டதே இல்லை. அப்புறம் ஆறு வருடமாக, முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவை வெளியே எடுப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

அதை அழுத்தினால் மல்டிபிள் எக்ஸ்போஷருக்குள் போகலாம். 2 முதல் 9 படங்கள் வரை கேமராவே ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும், அதுவும் ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக. அடிட்டிவ், ஆவரேஜ், பிரைட், டார்க் என்று சேர்க்கும் முறைகள் நான்கு. நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் அண்ணாச்சி ரோலை நகர்த்தாமல் ஒரே நெகட்டிவில் இரண்டு தடவை ஷட்டரை அழுத்தி இதைச் செய்வார். என்ன வந்திருக்கிறது என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இங்கே அடுத்த நொடியே தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் முதல் இரண்டு மாதம் எனக்கு வந்ததெல்லாம் சாம்பல் புகைதான். முகமும் தெரியாது, மரமும் தெரியாது. காரணம் புரிந்தபோதுதான் இந்த வேலையே பிடிபட்டது. அடிட்டிவ் முறையில் வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். முதல் படத்தில் ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட இடத்தில் இரண்டாவது படம் ஒட்டவே ஒட்டாது. கறுப்பாக இருக்கும் இடத்தில் மட்டும்தான் அது முழுசாகப் பதியும். நான் இரண்டு படத்தையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றைக் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு படத்துக்கு தலா ஒரு ஸ்டாப், மூன்றுக்கு ஒன்றரை, நாலுக்கு இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும் என்று மேனுவல் சொல்லும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). அப்படிக் குறைத்தால் மொத்த வெளிச்சம் சரியாகும், படம் தெளிவாகாது. இருட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு முதலில் கைகூடியது ஆச்சியின் படம். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுப் பின்வாசலில், காலை எட்டு மணி வாக்கில், ஆச்சியை நிழலுக்குள் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். பின்னால் வெறும் வானம். முகத்தை விட்டுவிட்டு வானத்தின் வெளிச்சத்தை மட்டும், ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, அதற்கு மேல் கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் கூட்டினேன். திரையில் வானம் முழுக்க, வெளுத்துப்போன இடத்தைக் காட்டும் ஹைலைட் அலர்ட் மின்னியது. கல்யாணப் படத்தில் அப்படி மின்னினால் பதறிப்போவேன், இங்கே அதுதான் வேண்டியது. வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஆச்சியின் மூக்கு, மடங்கிய உதடு, தொங்கும் காதில் பாம்படம்.

அடுத்து, லென்ஸ் பார்ப்பதை அப்படியே திரையில் காட்டும் லைவ் வியூவை ஆன் செய்துகொண்டு முற்றத்து வேம்புக்குப் போனேன். மெனுவில் மல்டிபிள் எக்ஸ்போஷரை 'ஃபங்க்ஷன்/கண்ட்ரோல்' என்பதில் வைத்திருந்தால் முதல் படமும் இப்போது லென்ஸ் பார்ப்பதும் திரையில் கலந்தே தெரியும். அங்கே நின்றுதான் ஒன்று கற்றுக்கொண்டேன். இலைக்கு இடையில் தெரியும் வானம் முகத்தின் விளிம்பில் விழுந்தால் விளிம்பு கரைந்து காணாமல் போய்விடும். மூக்கு நுனிக்கும் உதட்டுக்கும் நேராக இலை அடர்ந்திருக்க வேண்டும், இடைவெளியெல்லாம் கொண்டைப் பக்கம் போக வேண்டும். அரை அடி இடது, ஒரு அடி பின்னால் என்று நகர்ந்து நகர்ந்து பதினாலாவது தடவையில் அமைந்தது. ஒவ்வொரு தடவையும் ஆச்சியை உட்கார வைக்கத் தேவையில்லை. பிடிக்காத கடைசிப் படத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுக்கும் வசதி கேமராவிலேயே இருக்கிறது. திரையைக் காட்டினேன். "என்னலே இது, எந்தலைக்குள்ள வேம்பு மொளச்சிருக்கு?" என்றாள். பிரேம் போட்டு அவள் கட்டிலுக்கு எதிரில் மாட்டியிருக்கிறோம்.

கார்டில் இருக்கும் பழைய ரா படம் ஒன்றை முதல் படமாகத் தேர்ந்தெடுக்கவும் இந்தக் கேமரா விடுகிறது. இதன் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. ஜேபெக்கோ, அளவு குறைந்த ராவான எஸ்-ரா, எம்-ராவோ எடுபடாது, முழு ரா மட்டும்தான். ஒரு எஸ்டி கார்டை இதற்கென்றே ஒதுக்கி, யார் சம்மதித்தாலும் வானத்தை வெளுத்து ஒரு பக்கவாட்டு முகம் எடுத்துச் சேர்த்து வைக்கிறேன். 2019-ல் எடுத்த சித்தப்பாவின் முகத்துக்கு ஏற்ற பனங்கூட்டம் 2022-ல்தான் ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் கிடைத்தது. அவர் பனையேறுகிறவர். வேறு எந்த மரத்தையும் அவர் முகத்துக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கறுப்புத் துணி வேலை இதைவிடச் சுலபம். பரதம் ஆடும் அத்தை மகளை கறுப்புத் துணி முன்னால் நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு ஃப்ளாஷ் மட்டும் வைத்து, ஐந்து முத்திரைகளை ஒரே சட்டத்தில் எடுத்தேன். கறுப்போடு கறுப்பைக் கூட்டினாலும் கறுப்புதான் என்பதால் ஸ்டாப் கணக்கே வேண்டியதில்லை. துணியில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழாமல் ஆறேழு அடி முன்னால் நிறுத்தினால் போதும்.

டார்க் முறை நேர் எதிர். ஒவ்வொரு இடத்திலும் எது இருட்டோ அதை வைத்துக்கொள்ளும். கூந்தன்குளத்தில் சாயங்காலம் கூடு திரும்பும் நாரைகளை, கேமராவை ட்ரைபாட்டில் வைத்து ஒன்பது எக்ஸ்போஷரில் எடுத்திருக்கிறேன். வெளிறிய வானத்தில் ஒரே பறவை ஒன்பது இடத்தில் சிறகடிக்கும். இதற்கு 'கண்டினியூவஸ் ஷூட்டிங்' தேர்வுதான் வேண்டும், மற்றதில் வேகம் ரொம்பக் குறைந்துவிடும். ஆனால் அதில் சேர்ந்த படம் மட்டுமே கிடைக்கும். தனித்தனிப் படங்கள் சேமிக்கப்படாது, லைவ் வியூவும் இல்லை.

பிரைட் முறை எது வெளிச்சமோ அதை வைத்துக்கொள்ளும். அதில் நிலாவைத் தனியாக எடுத்துக் கோபுரத்துக்கு மேல் வைக்கலாம். செய்து பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் டெலி லென்ஸில் எடுத்த பெரிய நிலாவை வைட் லென்ஸ் கோபுரத்துக்கு மேல் தொங்கவிட்டு, பார்த்தது இதுதான் என்று காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஆச்சி தலைக்குள் வேம்பு இருப்பதை யாரும் நிஜம் என்று நம்பப் போவதில்லை, அந்த நிலாவை நம்புவார்கள். அந்த வேலையை விட்டுவிட்டேன்.

சிரமங்களும் உண்டு. நடுவில் கேமராவை ஆஃப் செய்தாலோ பேட்டரி மாற்றினாலோ எடுத்தது ரத்தாகிவிடும். மேனுவலில் இருப்பதுதான், நான் படிக்காமல் ஏழு எக்ஸ்போஷர் தாண்டியபின் பேட்டரியைக் கழற்றினேன். அதிலிருந்து முழு சார்ஜ் இல்லாமல் தொடங்குவதில்லை. முதல் படத்துக்கு வைத்த ஐஎஸ்ஓவே (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) கடைசி வரை போகும், அடிட்டிவில் இரைச்சலும், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளும், சேர்ந்து கூடும், அதனால் 400-ஐத் தாண்டுவதில்லை. வியூஃபைண்டரில் கலவை தெரியாது, திரையில் மட்டும்தான். வெயிலில் அதையும் பார்க்க முடியாது என்பதால் கறுப்புத் துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்கிறேன். வியூஃபைண்டரும் மின்திரையாகவே இருக்கும் மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நண்பர் வைத்திருக்கும் நிக்கான் டி750-ல் இரண்டு அல்லது மூன்று படங்கள்தான் சேர்க்கலாம், முகமும் மரமும் எடுக்க அது தாராளம்.

இதெல்லாம் போட்டோஷாப்பில் ஐந்து நிமிட வேலைதானே என்று கேட்கிறார்கள். உண்மைதான், இரண்டு படத்தின் வெளிச்சத்தையும் கலக்கும் ஸ்க்ரீன் மோடில் வைத்தால் ஏறக்குறைய இதே படம் வரும். ஆனால் மேசையில் உட்கார்ந்து செய்யும்போது இருக்கிற மரத்தில் ஒன்றை எடுத்து ஒட்டுவேன். வெளியே நிற்கும்போது அந்த முகத்துக்கு உரிய மரத்தைத் தேடி நடக்கிறேன். யாரை எடுத்தேனோ அவரிடம் உடனே காட்டவும் முடிகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்துக்குள் தாமிரபரணியை வைத்துக் காட்டினேன். பெண் பார்த்துவிட்டு, "குறுக்குத்துறைக் கோயில் தெரியுற மாதிரி எடுங்கண்ணே, அங்கதான் முதல்ல பேசினோம்" என்றாள். அரை மணி நேரம் பந்தியை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போய் எடுத்துவந்தோம்.

எஸ்டி கார்டில் இப்போது நாற்பத்தொரு முகங்கள் காத்திருக்கின்றன. அதில் அண்ணாச்சியுடையதும் ஒன்று. அவருக்கு மரம் சரிப்படாது. அவருடைய பழைய ஸ்டுடியோ டார்க் ரூமின் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறதாம், அடுத்த வாரம் போகிறேன்.